ஈரம் பட்டால் ஒட்டாது

என் தங்கையை அவள் புருஷன் அடித்துக்கொண்டிருந்தான். அதை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான். பல் டாக்டர். அவள் முன்பல்லை இரண்டு தடவை என் கையாலேயே ஒட்டி அனுப்பினேன். பழியை எச்சில் மேல் போட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். சித்தூர் பஜாரில், ஒரு துணிக்கடை மாடியில் என் கிளினிக். பல்லின் நிறத்திலேயே உள்ள பசை அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. உடைந்த பல்லில் அமிலத்தைத் தடவி, கழுவி, காயவைத்தால் அந்த இடம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுக்கும். அதன்மேல் பசையை வைக்க வேண்டும். வெளுத்த இடத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும் போச்சு. துடைத்துவிட்டால் போதாது, அமிலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சோம்பல்பட்டு மேலே பூசி மெழுகினால், கொஞ்ச நாளில் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். திருப்பதியில் பல் டாக்டர்கள் கூடின இடத்தில் இதைப் பற்றி நான் வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

அவளைப் பலமனேரில் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமான நாலாம் மாதம், முன்பல்லின் முனை உடைந்து வந்து நின்றாள். குழாயடியில் வழுக்கிக் குடத்தில் மோதிக்கொண்டதாகச் சொன்னாள். சரி என்று ஒட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தாள். ஒட்டினது போய்விட்டிருந்தது.

"இன்னா துன்ன?" என்றேன்.

"கொய்யாக்கா, ண்ணா."

"கொய்யாக்கா துன்னா இது போவாது. அன்னிக்கு நீ நாக்கை வச்சிருப்ப. எவ்ளோ சொன்னேன், அசைக்காதன்னு?"

"வச்சிருப்பேன் ண்ணா," என்று ஒத்துக்கொண்டாள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. மறுபடி பஞ்சை அடக்கி வேலையைத் தொடங்கினேன். பாதியில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து உதட்டோரம் இறங்கிற்று. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "அழுதுக்கினே இருந்தா எப்பிடிம்மா ஒட்றது? ஈரம் பட்டா நிக்காது," என்று அதட்டினேன். அவள் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயைப் பழையபடி திறந்து வைத்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்க இந்தப் படுபாவிக்குத் தோன்றவில்லை. இனிமேல் ஒட்டினது விழுந்தால் அந்தத் துண்டை எடுத்து வா, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த தடவை கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். துண்டை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். ஈரத்தால் கழன்றிருந்தால் அதன் பின்பக்கம் மழமழவென்று இருக்கும். இதில் அவள் பல்லே ஒரு பொருக்காகப் பெயர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. என் பசை கடைசிவரை விடவில்லை. பல்தான் உடைந்திருந்தது. கொய்யாக்காய்க்கு அவ்வளவு பலம் கிடையாது. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் கிழிந்து, இன்னும் ஆறாமல் இருந்தது.

"அடிக்கிறானா?"

நாற்காலிக் கையைத் தடவினாள். பிறகு, "நைனா கிட்ட சொல்லாத ண்ணா. சின்னவளுக்கு இப்பதான் பேசிக்கினு கீறாங்க. அக்காக்காரி வாழாம வந்துட்டான்னு தெரிஞ்சா அவளை யாரு கட்டுவாங்க?" என்றாள்.

அப்போதே பஸ் ஏறிப் பலமனேருக்குப் போய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் போகவில்லை. சின்னவள் சம்பந்தம் கெட்டுப்போகும், சர்ச் சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று எனக்கும் பயம். ஊரெல்லாம் சிடுசிடுப்பதற்கு எனக்கு வாய் உண்டு, அவனிடம் கேட்பதற்கு இல்லை. உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒட்டினேன். அன்று அவள் அழவில்லை. ஒரு துளி ஈரம் படவில்லை.

பிறகு ஒரு கடிதம் எழுதி அவள் கையிலேயே கொடுத்தேன். 'கிறிஸ்துவுக்குள் அன்பான மாப்பிள்ளைக்கு' என்று தொடங்கி, ஒன்றுமே தெரியாதவன் போல, வெறும் டாக்டராக எழுதினேன். தங்கையின் முன்பல் இனிமேல் தாங்காது, முகத்தில் எந்த அடியும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவனுக்குப் புரிந்துவிடும், வெட்கப்பட்டு நிறுத்திக்கொள்வான் என்று நம்பினேன்.

அதற்குப் பிறகு பல் விழவில்லை. அவளிடமிருந்து வந்த கார்டுகளிலும் எல்லாரும் சுகம் என்றே இருந்தது. சண்டை சச்சரவு இல்லாமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்துச் சின்னவள் கல்யாணத்துக்கு வந்தாள். காலையில் எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வெயிலிலும் அவள் மணிக்கட்டு வரை கை நீண்ட ரவிக்கை போட்டிருந்தாள். அலமாரி மேலிருந்த பூக்கூடையை எடுக்கக் கையைத் தூக்கினாள். கை தோளுக்கு மேல் எழவில்லை. ரவிக்கைக் கை சரிந்த இடத்தில், பழசும் புதுசுமாகக் கன்றிப்போன தடங்கள்.

அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டேன். "இன்னுமா அடிக்கிறான்?"

நான் கேட்டதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது போல என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, குறை இல்லை.

"நீதான ண்ணா எழுதின, மூஞ்சில படக்கூடாதுன்னு. அதுலருந்து மூஞ்சில அடிக்கிறதில்ல."