செல்வராஜின் ஞாயிற்றுக்கிழமைகள்

வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்தில் முப்பத்துமூன்று வருஷம் கிரேன் ஓட்டியவர் செல்வராஜ். தூத்துக்குடிக்காரர். காலையில் இரும்பு ஏணியில் அறுபது படி ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்ததும் சிலுவை போட்டுக்கொண்டுதான் லீவரைத் தொடுவார். கீழே நிற்கும் பீகார் ஆட்கள் அதைப் பார்த்த பிறகே கொக்கியில் சுமையை மாட்டுவார்களாம். இதெல்லாம் அவர் மனைவி ராஜத்துக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்.

வீட்டில் ராஜம் கண்ட செல்வராஜ் வேறு. கடல் மீன் தின்று வளர்ந்தவள், கல்யாணமாகி வந்த புதிதில் அந்த ஊர் ஆற்று மீனான இலிஷின் முள்ளோடு திணறினாள். அவர் தன் தட்டில் மீனைப் பிட்டு, முள்ளை எடுத்துவிட்டு அவள் பக்கம் தள்ளுவார். மகன் பிரிட்டோ, மகள் மஹிமா இருவரும் வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஞாயிறு பூசைக்கு நால்வரும் பஸ்ஸில் போவார்கள். சாயங்காலம் ஜெபமாலை சொல்லாமல் அந்த வீட்டில் சோறு கிடையாது.

1995 செப்டம்பரில் பிரிட்டோவுக்குக் காய்ச்சல் வந்தது. இருபது வயது, கல்லூரியில் கடைசி வருஷம். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வராஜ் முழங்காலில் நின்றார். நர்ஸ்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நான்காம் நாள் விடியும்போது பையன் போய்விட்டான். வெளியே தெருவில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிறு, செல்வராஜ் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். ராஜம் பாயை விட்டு எழவில்லை.

“மூணு நாளு முட்டுக்கால் போட்டுக் கேட்டியளே, குடுத்தாரா? இனி அந்தக் கோயில் வாசலை நான் மிதிக்க மாட்டேன்.”

அவர் பன்னிரண்டு வயது மஹிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

அதுதான் ராஜத்தை அறுத்தது. பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்த கையோடு இந்த மனுஷனால் எப்படிப் போக முடிகிறது? உங்களுக்கு வலிக்கவே இல்லையா என்று ஒருநாள் கேட்டும்விட்டாள். சட்டி கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி கழுவத் தொடங்கினார்.

அந்த வருஷம் சமையல் முழுக்க அவருடையது. டியூட்டிக்குப் போகுமுன் சோறு வடித்து வைத்து, மஹிமாவுக்கு இரட்டைச் சடை பின்னுவார். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகத் தொங்கும். ராஜத்தின் முதுகைத் தாங்கி உட்கார்த்தி டீ குடிக்க வைப்பார். பூசைக்கு வா என்று மட்டும் ஒருதரம்கூடக் கூப்பிடவில்லை. சாயங்காலங்களில் சமையலறைச் சுவரைப் பார்த்து நின்று உதடசைப்பார். தன் காதில் விழ வேண்டாமென்று ஜெபமாலையை அப்படிச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மெல்ல மெல்ல எழுந்தாள், அடுப்பைத் தொட்டாள், அவரோடு சிரிக்கவும் செய்தாள். கோயிலுக்கு மட்டும் போகவில்லை. பன்னிரண்டு வருஷம்.

ரிட்டையராகி ஆறு வருஷம் கழித்து, 2007 பிப்ரவரியில், முகம் மழித்துக்கொண்டிருந்தபோது செல்வராஜ் சரிந்தார். பக்கவாதம். வலது கை விழுந்தது. பேச்சும் பாதி போயிற்று. சாயங்காலமானால் பரலோக மந்திரத்தைத் தொடங்குவார். இரண்டாவது வரியில் நாக்கு நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து, மறுபடி அதே இடம். மஹிமா வேலையிலிருந்து வர எட்டாகும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ராஜம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்து மீதியைச் சொன்னாள். நம்பிக்கை வந்து சொல்லவில்லை. அவர் அந்த ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதைக் காணச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். அவள் முடித்தபோது அவர் கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது. அதற்குப் பிறகு தினமும் அப்படியே.

ஜூனில், முதல் மழை பெய்த மத்தியானம், அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அவர் மூச்சு நின்றது.

முப்பதாம் நாள் பூசையில் வாசிக்க, அவரைப் பற்றிப் பத்து வரி எழுதித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டிருந்தார். மஹிமா பேனாவோடு உட்கார்ந்தாள். ஊர், வேலை, கல்யாணம் எல்லாம் எழுதியாயிற்று.

“ஒரு நாளும் சாமி மேல அவரு மனசு கோணினதில்லன்னு எழுது,” என்றாள் ராஜம்.

மஹிமா பேனாவைக் கீழே வைத்தாள்.

“அது உண்மை இல்ல மா.”

அண்ணன் போன பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் அப்பா கோயிலுக்குள் வரவே இல்லை என்றாள். அவளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு மதிலோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியாக அவளுக்குத் தெரியும். சில ஞாயிறு குலுங்கிக் குலுங்கி அழுவார். சமையலறையில் அவர் உதடு சொன்னதும் ஜெபமாலை இல்லை. பக்கத்தில் போய்க் கேட்டிருக்கிறாள், பிரிட்டோ பிரிட்டோ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மாவிடம் சொல்லாதே என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். நானும் சாமியை விட்டுவிட்டேன் என்று தெரிந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது என்றாராம். பிறகு ஒரு ஞாயிறு, பூசை பாதியில் நடக்கும்போது உள்ளே வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பஸ்ல வரும்போது, கோவம் போயிடுச்சாப்பான்னு கேட்டேன். ‘போகல தாயி. கோவத்தோடயே உள்ள போயி உக்காருவோம்னு வந்துட்டேன்’னாரு.”

ராஜம் சமையலறைச் சுவரைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னது மகளிடம் இல்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்போமே.”

மகனுக்காக அடக்கி வைத்திருந்ததும் சேர்ந்து அன்று வெடித்தது. மஹிமா அவளைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு ஏறி வந்த கீழ்வீட்டு வங்காளி அம்மா எதுவும் கேட்காமல் கதவருகே நின்றாள்.

முகம் கழுவி வந்த பிறகு, அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்ததையும் மறைக்காமல் எழுதச் சொன்னாள் ராஜம். எழுத்துத் தமிழ் மஹிமாவுக்கு அவ்வளவு வராது, ஆங்கிலத்தில் எழுதினாள்.

முப்பதாம் நாள் பூசை நடந்த ஞாயிறு ராஜமும் பஸ் ஏறினாள். மகள் மைக் முன்னால் வாசித்ததில் அவளுக்குப் புரிந்தவை பெயர்கள்தான். செல்வராஜ், பிரிட்டோ என்று இரண்டும் அடுத்தடுத்து வந்தபோது அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.