சகோதரி ரோஸியின் சுகவீனம்

நாகர்கோவிலில் வாழ்ந்த காலம் முழுவதும் நான் என் நாயை ஒருமுறைகூடப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டதில்லை. புறவாசல் படியில் நின்று நாக்கை அண்ணத்தில் தட்டி ஓசை எழுப்புவேன், அவள் வருவாள். கதவைச் சாத்திய பிறகு, அவள் காதருகே குனிந்து, பிறருக்குக் கேட்கக் கூடாத செய்தியைச் சொல்வதுபோல், "ரோஸி" என்பேன். மலாயாவில் இதை வாசிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். அங்கே ரோஸி என்பது துரைமார் பங்களாவில் வளரும் நாயின் பெயர். நாகர்கோவிலில் அது ஞானஸ்நானம் பெற்ற பெண்ணின் பெயர். எங்கள் தெருவிலேயே ரோஸிகள் பலர். மதிலுக்கு அப்பால் குடியிருந்தவர் ரோஸி டீச்சர். ஆலயப் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பவர். சிரித்து யாரும் பார்த்திராதவர்.

நாய்க்குட்டி வந்த முதல் வாரமே என் அத்தை சட்டம் இயற்றிவிட்டார். "ஏட்டி, மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் பரீட்சைத்தாள் திருத்திட்டு இருக்காவ. நீ இங்கேருந்து 'ரோஸி, எலும்பு வேணுமா'ன்னு விளிச்சா அவிய என்ன நினைப்பாவ?" என்றார். அதனால் ஊராருக்கு என் நாய் பெயரில்லாத நாய். இந்தச் சிறிய ஏற்பாட்டிலிருந்து எவ்வளவு பெரிய குழப்பம் விளைந்தது என்பதைத்தான், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போகும் இந்தக் கப்பலின் மேல்தளத்தில் தகரப் பெட்டியை மேசையாக்கிக்கொண்டு எழுதுகிறேன். காற்று தாளைப் பறிக்கிறது. பெட்டிக்குள் அத்தை செய்த முந்திரிக்கொத்துப் பலகாரம் இருக்கிறது. அடுத்து நான் இறங்கும் மண்ணில் என் அம்மா நிற்பாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் இதுவரை பார்த்திராத என் தம்பி நிற்பான். நினைக்கும்போதெல்லாம் எழுத்து கோணலாகிறது, பழி காற்றின்மேல்.

நான் பிறந்தது கெடா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பா அங்கே கிராணி, கணக்கெழுதுபவர். போர் முடிந்ததும், தமிழை முறையாகப் படிக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்தின் பேரில், அவர் என்னைத் தம் தமக்கையின் வீட்டுக்கு அனுப்பினார். 'ஊருக்குப் போகிறாள்' என்று தோட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஊர் என்னை 'மலாயாக்காரி' என்றது. நான் மழையை 'ஊஜான்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட முதல் ஐப்பசியில், துவைகல்லின் அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது அந்தக் குட்டி. அதற்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. தோட்டத்தில் துரையின் ரோஸிதான் இருள் பிரியாத ரப்பர் காட்டு வழியில் என்னோடு பள்ளிக்கூடம்வரை நடந்துவரும். அன்பு என்ற பொருளில் எனக்குத் தெரிந்த முதல் சொல் அது என்றால் மிகையில்லை.

இந்த ஆண்டு பரீட்சை முடிந்ததும் அப்பா கப்பல் சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மலாயாவுக்குள் மீண்டும் நுழைய எனக்குத் தரப்பட்டிருந்த அனுமதியின் கெடு முடியப்போகிறது. இந்தக் கப்பலைத் தவறவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இப்போதைய நிலவரத்தில் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. நான் பெட்டியை அடுக்கினேன், கலைத்தேன், மீண்டும் அடுக்கினேன். மகிழ்ச்சியில் இரவுச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் ரோஸிக்கும் சோறு இறங்கவில்லை என்பதைக் கண்டேன்.

நாய்களுக்கு வரும் கொடிய காய்ச்சல் அது. பின்னங்கால்கள் துவண்டன, கண்களில் பீளை கட்டியது. மிருக ஆஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "ஆகாரம் உள்ள போனா பிழைக்கும். போகலேன்னா நான் ஊசி போட்டு ஒண்ணுமில்ல. கொஞ்சங்கொஞ்சமா ஊட்டிக்கிட்டே இருக்கணும், மாசக்கணக்கானாலும்," என்றார். ஊட்டலாம், ஆனால் அவள் என் உள்ளங்கையிலிருந்து மட்டுமே நக்கினாள். அத்தையோ சிறுவயதில் நாய் கடித்து வயிற்றைச் சுற்றி ஊசி வாங்கியவர். ரோஸி இருக்கும் பக்கம் சேலைத் தலைப்பைக்கூட விடமாட்டார். நான் போனால் அவள் பட்டினியால் சாவாள். போகாவிட்டால் அம்மாவை எப்போது பார்ப்பேன் என்று தெரியாது. இலக்கியம் படிக்கிறவளுக்குப் பிரிவைப் பற்றிய பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. பாலைத்திணையில் பிரிகிறவனுக்கும், பிரிவில் வாடுகிறவளுக்கும், செவிலிக்கும், தோழிக்கும், கண்டோர்க்கும்கூடக் கூற்று உண்டு. நாய்க்கு இல்லை. நான் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் முடிவெடுக்காமல் அதன் முன் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை மாலை உபதேசியார் சைக்கிளில் வீடு வீடாக வந்து, மறுநாள் ஆராதனையில் ஜெபிக்க வேண்டிய காரியங்களைக் கேட்டுப்போவார். பரீட்சை, பிரசவம், பயணம், காய்ச்சல் எல்லாம் பெயரோடு வாசிக்கப்படும். அன்று அத்தை அடுக்களையில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். வாசலுக்கு நான்தான் போனேன்.

"பிள்ளைக்குப் பயணம்லா? அது நான் மறக்கல. வேற ஏதும் உண்டா?" என்றார் உபதேசியார்.

தோட்டத்துச் சின்னக் கோயிலில் பசுவுக்கும் ஆட்டுக்கும், ஒருமுறை இலை உதிர்ந்துபோன ரப்பர் மரங்களுக்கும்கூட ஜெபித்திருக்கிறோம். அதனால் எனக்கு அது இயல்பாகவே இருந்தது. "ரோஸிக்கு ரொம்ப முடியவில்லை. அவளுக்காகவும் ஜெபியுங்கள்," என்றேன்.

அவர் முகம் கனிந்தது. "அதுக்கென்ன மக்கா. கர்த்தர் எழுப்புவாரு," என்று சொல்லி, அடுத்த வீட்டுக்கு மிதித்தார்.

ஞாயிறு காலை அத்தை மீதிப் பலகாரத்தைப் பார்க்க வீட்டில் நின்றுவிட, நான் தனியே போனேன். "மலாயாவுக்குப் பயணப்படுகிற நம் சகோதரிக்காகவும், அதே வீட்டில் மிகவும் சுகவீனமாயிருக்கிற சகோதரி ரோஸிக்காகவும்" என்று உபதேசியார் கணீரென்று சொன்னபோது, பெண்கள் வரிசை முழுவதும் தலைதூக்கிப் பாடகர் குழுவைப் பார்த்தது. அங்கே ரோஸி டீச்சர் ஞானப்பாட்டுப் புத்தகத்தோடு திடகாத்திரமாக நின்றிருந்தார். அவர் தம் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். பிறகு எல்லோரும் கண்ணை மூடினார்கள். 'ஆமென்' அன்று வழக்கத்தைவிட உரக்க ஒலித்தது. எழுந்து நின்று திருத்தம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ரோஸிக்கு ஊட்டும் வேளையும் வந்துவிட்டது. ஆசீர்வாதம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடினேன்.

நாஞ்சில் நாட்டில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. பிற்பகலில் எங்கள் முற்றம் நிறைந்தது. ஏத்தன்பழச் சீப்பு, இளநீர்க் குலை, கூவைக்கிழங்கு மாவு, கருப்பட்டி. மளிகைக்கடைத் தாயம்மா முன்னால் வந்தார்.

"எங்க படுத்திருக்கா? மலாயாவிலேருந்து தங்கச்சி வந்திருக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? கப்பல்ல பிடிச்ச சீக்காக்கும்?"

"எந்தத் தங்கச்சி?" என்றார் அத்தை, கையில் பலகாரம் திருப்பும் சட்டுவத்தோடு.

"ரோஸிதான்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்கும் தமிழ் இன்னும் எனக்குக் கைவரவில்லை. நான் புறவாசலுக்கு நடந்தேன், கூட்டம் பின்தொடர்ந்தது. சாக்கின்மேல் கிடந்த ரோஸி அத்தனை சேலைகளைக் கண்டு வாலை ஒருமுறை தரையில் தட்டினாள்.

"இதா?" என்றார் தாயம்மா. "சவம், நான் கண்ணுல தண்ணி வர ஆமென் சொன்னது இதுக்கா?"

ஒருத்தி வாயைப் பொத்தினாள். இன்னொருத்தியால் பொத்த முடியவில்லை. அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. வாசற்படியில் ரோஸி டீச்சர் பிளாஸ்கோடு நின்றிருந்தார்.

"என் பேரா இதுக்கு?"

அத்தை சட்டுவத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் பேசினேன். தோட்டத்தைப் பற்றி, துரையின் நாயைப் பற்றி, இருட்டு வழியைப் பற்றி. ஐந்து ஆண்டுகளில் அந்தத் தெருவில் நான் தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். டீச்சர் முழுவதையும் கேட்டார்.

"எனக்கு இந்தப் பேரு போட்டது மிஷன் வெள்ளக்காரியம்மா," என்றார் கடைசியில். "ஒங்க ஊருல துரையம்மா நாய்க்குப் போட்டிருக்காவ. ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்க்காரிதான் பேரு விட்டிருக்கா, கேட்டியளா." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததுதான் அன்றைய அதிசயம் என்று தெரு பிறகு பேசிக்கொண்டது.

கொண்டுவந்ததை யாரும் திரும்ப எடுத்துப்போகவில்லை. நோயாளி வீட்டுக்கு வந்த பண்டம் திரும்பப்போகக் கூடாது. "ஆமென் சொல்லியாச்சு. இனி பின்வாங்க முடியாது. சபையில சீக்குன்னு வாசிச்சா ஆள் முறை வச்சுப் பாக்கணும்லா? நாய்னு விலக்கி யாரும் சட்டம் போடல," என்றார் தாயம்மா. அங்கேயே முறை வைத்தார்கள். காலைக்கு ஒருத்தி, உச்சிக்கு ஒருத்தி, மாலைக்கு டீச்சர்.

ஆனால் ரோஸி யார் கையையும் ஏற்கவில்லை. தாயம்மா காய்ச்சிய கூவைக் கஞ்சியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். பயணத்துக்கு முந்தின நாள் காலையில் நான் பெட்டியிலிருந்து சேலைகளை வெளியே எடுத்து அடுக்கினேன். "போகவில்லை, அத்தை," என்றேன்.

அத்தை வெளியே கிடந்த ஒரு சேலையை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "அங்க ஒருத்தி ஐஞ்சு வருசமா வாசலப் பாத்துட்டு இருக்கா. நான் சொல்ல ஒண்ணுமில்ல மக்கா. ஒன் இஷ்டம்," என்றார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மாலை முறைக்கு வந்த டீச்சர் வெளியே கிடந்த சேலைகளைப் பார்த்தார். "நீ கண்ணுல படுகது வரை அது வேற கைய வாங்காது. எங்க வீட்டுப் பொறவாசல்ல போய் நில்லு," என்றார்.

நான் மதிலுக்கு அப்பால், அவருடைய ஆட்டுக்கல்லின் அருகே போய் நின்றேன். அவர் என் வீட்டுப் புறவாசலில் உட்கார்ந்தார். தட்டு நகரும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. ரோஸி ஒருமுறை முனகினாள். என் கால் தானாக ஒரு அடி எடுத்து வைத்தது, ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டேன். அப்போது, பாடகர் குழுவில் முதல் வரிசைக்கு உரிய குரலில், தெருக்கோடிவரை கேட்கும்படி, டீச்சர் கூப்பிட்டார்:

"ரோஸி."

"என்னா டீச்சர்?" என்று எங்கோ மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு பதில் வந்தது.

"ஒன்ன இல்லட்டி. நாய விளிச்சேன்." மறுபடியும், சற்றுத் தாழ்ந்து, "ரோஸி. குடிட்டி, என் பேரக் கெடுக்காத."

நான் மதிலோடு காதை வைத்து கேட்டேன். கஞ்சியை நாய் நக்கும் ஓசை மிகச் சிறியது. ஒருமுறை, இடைவெளி, மீண்டும். பிறகு விடாமல். நான் துள்ளினேன் என்று சொல்லலாம். அந்த ஆட்டுக்கல் ஒன்றே சாட்சி. துள்ளி நின்ற அடுத்த கணம்தான் அது புரிந்தது. என் கையில்லாமலும் அவளால் முடியும். அதுதான் நான் வேண்டிக்கொண்டது, அதுவே நடந்துவிட்டது. நான் உள்ளே போய்ச் சேலைகளை மீண்டும் அடுக்கினேன். மறுநாள் விடியும்வரை முறைக்காரிகள் மாறி மாறி ஊட்டிய ஒவ்வொரு வேளையும் மதிலுக்கு அப்பாலேயே நின்றேன். ரோஸி பிழைத்துவிட்டாள் என்று என்னால் எழுத முடியாது. கால் இன்னும் துவண்டுதான் கிடந்தது. ஆனால் மூன்று பேர் கையிலிருந்து கஞ்சி குடித்தாள். விடைபெற நான் அவள்முன் போகவில்லை. பஸ் ஏறும்போது டீச்சரின் குரல் தெருவில் கேட்டது, தெருவில் இருந்த ரோஸிகள் எல்லோரும் திரும்பினார்கள், நானும்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் பஸ்ஸின் படுதாக்கள் படபடத்தன. திருநெல்வேலியில் ரயில், நாகப்பட்டினத்தில் கடல். இப்போது பகல் வெளுத்துக் கிடக்கிறது. நாளை பினாங்கு மலை தெரியும் என்று கப்பல்காரர் சொல்கிறார். என் தம்பிக்கு நான் என்ன உறவு என்பதை யாராவது விளக்க வேண்டியிருக்குமோ, அவனே ஓடிவருவானோ என்று எண்ணி எண்ணி என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை மடித்துவிட்டுப் பின்தளத்துக்குப் போனேன். கப்பல் கிழித்து வந்த வெண்ணுரைப் பாதை நேராக மேற்கே கிடந்தது. தெரு இல்லை, மதில் இல்லை, அத்தையின் சட்டம் இல்லை. வாயைக் குவித்து, வாழ்க்கையில் முதல்முறையாக, என் குரலில் உள்ள பலம் முழுவதும் சேர்த்துக் கூப்பிட்டேன்.

"ரோஸி."

"என்னையா மக்கா விளிச்ச?"

திரும்பினேன். நீலக் கண்டாங்கி கட்டிய ஒரு பெண், கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்திருந்தவள், எழுந்து வந்தாள். ஊர் களியக்காவிளை என்றாள். புருஷன் எங்கள் கெடாவின் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறானாம். கடற்பயணம் அவளுக்கு இதுவே முதல்முறை. "பேரு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். "ஆமாம் அக்கா, கூப்பிட்டேன்," என்று மட்டும் சொன்னேன்.

அவள் என் அருகே வந்து, நான் பார்த்துக்கொண்டிருந்த திசையையே கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கந்தானா பினாங்கு?"

"இல்லை, அந்தப் பக்கம்," என்று கப்பலின் முகப்பைக் காட்டினேன்.

அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் இந்தப் பக்கமே நின்றேன். காற்று பலமாக இருந்ததால் விழாமலிருக்க முதுகோடு முதுகு சாய்ந்துகொண்டோம்.