டிரம்மின் மேல் அப்பாவின் வேட்டி

துடியலூரில் எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டு போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். கோடையில் அதுவும் நின்றுபோனது. அதனால் மழை இருட்டிக்கொண்டு வந்தாலே அம்மா வேலையைத் தொடங்கிவிடுவார். மொட்டைமாடி மழைநீர்க் குழாய்க்குக் கீழே நீல டிரம்கள். ஒவ்வொன்றின் வாயிலும் இழுத்துக் கட்டிய அப்பாவின் பழைய வேட்டி. தூசி, இலை, காக்கை எச்சம் எல்லாம் துணியிலேயே நின்றுவிடும். தனியாக மூடியும் வேண்டாம்.

அந்தக் கோடை மழை முடிந்து சில வாரங்களில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனதால் ஐ.சி.யு.வில் சேர்த்தோம். நானும் அம்மாவும் மாறி மாறி வீட்டுக்கு வந்து போனோம். ஒரு காலையில் இருவரும் வீட்டில் இருந்தபோது, கொசுப்புழு பார்க்கும் மாநகராட்சிப் பெண் டார்ச்சோடு வந்தார்.

"ஏனுங்க, தண்ணி புடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"துணி கட்டித்தானுங்க வெச்சிருக்கேன்."

வேட்டி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை விலக்கி டார்ச் அடித்தார். புழுக்கள் நெளிந்தன.

"நனைஞ்ச துணி மேலயே முட்டை வெச்சுப்போடுமுங்க. கொசுவுக்குத் தொட்டிலே கட்டி உட்டிருக்கீங்க, அம்மணி."

"எங்க ஊட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருக்காருங்க. டெங்குங்க."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "சாக்கடைல ஊத்தாதீங்க, புழு சாகாது. மண்ணுல சாய்ச்சு உடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அப்பாவைக் கடித்தது எந்தக் கொசு என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். பக்கத்து மனையில் கிடக்கும் டயர்கள், கட்டிமுடிக்காத வீட்டின் தொட்டி, பஸ் ஸ்டாப், டீக்கடை என்று அடுக்கினேன்.

"முட்டி வலின்னு அவரு எங்க கண்ணு வெளிய போனாரு? இங்கதானே உக்காந்திருந்தாரு."

அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி டிரம்களை ஒட்டித்தான் கிடந்தது. அம்மா எல்லா டிரம்களையும் சாய்த்து, உட்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்.

அப்பா பிழைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த மத்தியானம் நல்ல மழை. குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாததால் பெரியம்மா ஒரு டிரம்மைக் குழாய்க்கடியில் உருட்டி வைத்தார். அந்தத் தண்ணீரில்தான் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். பாதி மிஞ்சியது. பெரியம்மா அதன் வாயில் ஒரு துண்டைக் கட்டப் போனார்.

"கட்டாதீங்கக்கா. சாய்ச்சு உட்ருங்க."

"நாளைக்குத் தண்ணிக்கு எங்க போவே?"

அம்மா எழுந்து வந்து, தானே டிரம்மைச் சாய்த்தார். தண்ணீர் அந்த நாற்காலியின் கால்களைச் சுற்றிக்கொண்டு வாசல் மண்ணில் இறங்கியது.