வஜீதா அமைத்த தெலுங்குப் பக்கம்

கணினித் திரையின் மேல் ஒரு மர ஸ்கேலைக் கிடையாக வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே வஜீதா படிக்கிறார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. பக்கம் எப்போதோ தயாராகிவிட்டது. அதை அமைத்தபோது என்னென்ன நடந்தது என்று மென்பொருள் தனியாக ஒரு பதிவு எழுதி வைக்கும். அவர் படிப்பது அதை. நானூறு வரிகளாவது இருக்கும். பெரும்பாலானவை யாருக்கும் வேண்டாதவை. "அதுல ரெண்டு வரி இருக்கும் பாருங்க, நம்ம மானம் அதுலதான் இருக்குது" என்பார்.

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிய ஒரு மாடியறையில் அவருடைய கடை. துண்டுப் பிரசுரம், அறிவிப்பு, சிறிய புத்தகம் என்று ஒரே தாளில் நான்கைந்து மொழிகள் வேண்டுகிறவர்கள் அவரிடம் வருகிறார்கள். வயது நாற்பத்தொன்று. வீட்டில் உருது, கடையில் தமிழ். தெலுங்கும் இந்தியும் படிக்கத் தெரியாது. அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவார். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். அந்த மொழி தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக்காட்டாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. அவருக்குச் 'சாட்சி' என்று பெயர். தெலுங்குக்குச் சாட்சி, சித்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து கீழே தையல் கடை வைத்திருக்கும் அருணாதேவி. இந்திக்கு யாரும் கிடைக்காத நாளில் வஜீதா சாலையில் இறங்கி நிற்பார். டீக்கடை வாசலில் அகப்படும் யாத்திரிகர் ஒருவர், ஏனென்று புரியாமலே மாடியேறி வந்து படித்துவிட்டுப் போவார்.

அவருடைய பக்கங்கள் அழகானவை என்று சொல்ல மாட்டேன். ஓரங்கள் குறுகல், தலைப்புகள் தேவைக்கு மேல் தடிமன். ஆனால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எந்த மொழிக்கு எந்த எழுத்துரு, எவ்வளவு பெரியது, எழுத்து இடமிருந்து ஓட வேண்டுமா வலமிருந்தா என்று மொழிக்கு ஒரு வரி எழுதியிருப்பார். அந்த வரிகளுக்குப் பல நாட்கள் செலவாகியிருக்கின்றன. "சைஸ் நம்பர் ஒண்ணேதான் சார். கண்ணுக்குத் தமிழ் பெருசா தெரியும், தெலுங்கு சின்னதா தெரியும். கண்ணு சொல்றதத்தான் கேக்கணும்." அந்த வரிகளுக்கு மேலே 'கேக்காம தொடாதீங்க' என்றும் எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு கடுமை எதற்கு என்று எனக்குத் தோன்றியதுண்டு.

பௌர்ணமிக்கு முந்தின நாள் பிற்பகல் குமரேசன் இரண்டு கட்டுகளுடன் மாடியேறி வந்தார். கல்லூரி ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவர். கிரிவலக் கூட்டத்துக்கு இலவச மருத்துவ முகாம் நடத்துகிறவர்களில் ஒருவர். முகாமின் மருந்துக் குறிப்பை நான்கு மொழிகளில் அமைத்துத் தந்தவர் வஜீதா. அதன் கணினிக் கோப்பையும் குமரேசன் கேட்டு வாங்கிப் போயிருந்தார்.

"மேடம், சூப்பரா வந்திருக்கு பாருங்க. தெலுங்கு மட்டும் நானே மாத்திட்டேன். உங்க எழுத்து ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகை எழுத்து ஒண்ணு கெடச்சுது. ஒரே ஒரு வரிதான் மாத்துனேன், ரெண்டாயிரம் காப்பி அடிச்சாச்சு."

வஜீதா தாளைத் தொடவில்லை. "பதிவு எங்க சார்?"

"கூடவே ஒரு குப்ப ஃபைல் வருமே, அதுவா? டெலீட் பண்ணிட்டேன்."

"சாட்சி?"

"தெலுங்குக்காரர் ஒருத்தர் பாத்தாருங்க. நல்லா இருக்குன்னாரு."

"இன்னாத்த பாத்தாரு? பொண்ணு பாத்தாரா? படிச்சாரா சார்?"

வஜீதா கூப்பிட, அருணாதேவி கழுத்தில் அளவு நாடாவோடு மேலே வந்தார். தெலுங்கில் ஒரு வரி படிப்பதும் அதைத் தமிழில் சொல்வதுமாகப் போனவர், மூன்றாவது கட்டத்தில் நின்றார். "அஞ்சுலேர்ந்து பத்து வயசு. காய்ச்சல் மாத்திரை, மூணு வேள. எத்தினின்னு போடலியே வஜீதா? முழுசாவா குடுக்கணும் கொயந்தைக்கு?"

தமிழ்ப் பக்கத்தில் அதே கட்டத்தில் ½ என்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை எழுத்துருவில் தெலுங்கு எழுத்துகள் உண்டு, எண்கள் உண்டு. ½ என்ற குறி கிடையாது. இல்லாத குறிக்காக மென்பொருள் நிற்பதில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு மேலே போய்விடும். 'இந்த எழுத்துருவில் இந்தக் குறி இல்லை' என்று பதிவில் ஒரு வரி எழுதும். அவ்வளவோடு அதன் கடமை முடிந்தது. அந்த வரியைத்தான் குமரேசன் குப்பை என்று அழித்திருந்தார்.

"ஒரு குறிதானே மேடம்," என்றார். "டாக்டர் வாயால சொல்லிடுவாரு."

"டாக்டருக்குத் தெலுங்கு தெரியுமா?"

"கொழந்தைக்குப் பாதின்னு எல்லாருக்கும் தெரியுங்க."

"தெரியும்னா நோட்டீஸ் எதுக்கு சார் அடிச்சீங்க?"

குமரேசன் கட்டுகளை மேசைமேல் இறக்கி வைத்தார். "நாளைக்குக் காலைல முகாம். மறுபடி அடிக்க பிரஸ்ல ஆள் இல்ல. அதுவும் தெலுங்கு, யாரு மேடம் உக்காந்து படிக்கப் போறாங்க?"

இந்தக் கேள்வியை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கேட்பவர் ஒவ்வொரு முறையும் அதைப் பணிவான குரலில்தான் கேட்கிறார், ஏதோ யதார்த்தத்தை ஒப்புக்கொள்வதுபோல. அறை வாடகைக்கு என்று தெலுங்கில் பலகை வைக்கத் தெரிகிறது இந்தச் சாலைக்கு. தோசைக்கும் வேனுக்கும் தெலுங்கில் பலகை இருக்கிறது. அவற்றில் ஒரு புள்ளி விடுபட்டால் அன்றைக்கே ஏணி போடுகிறார்கள். வருகிறவர்களின் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது மட்டும் அவர்கள் எழுத்துத் தெரியாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். மென்பொருளையாவது மன்னிக்கலாம், அது தான் கண்டதை எழுதியாவது வைத்தது.

"தமிழ்ல இந்தக் குறி வுட்டுப் போயிருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்றார் வஜீதா. குரல் உயரவில்லை. "உங்க பொண்ணுக்கு எத்தினி வயசு சார்?"

"ஏழு."

வஜீதா ஒரு கட்டின் கயிற்றை அறுத்தார். மேலிருந்த தாளை எடுத்து, வெறுமையாக இருந்த இடத்தில் கறுப்புப் பேனாவால் ½ என்று எழுதி, அருணாதேவியிடம் நீட்டினார். அவர் அந்த வரியை மறுபடி வாய்விட்டுப் படித்து, "அர மாத்திரை, மூணு வேள. சரியா இருக்குது" என்றார்.

வஜீதா இரண்டாவது தாளை எடுத்து மேசையில் குமரேசன் பக்கமாகத் திருப்பி வைத்தார். பேனாவை நீட்டினார்.

"ரெண்டாயிரம் இருக்கே மேடம்..."

குமரேசன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும்வரை, பேனா பிடித்த வஜீதாவின் கை நீட்டியபடியே இருந்தது.