நாற்றம் நின்ற காலை

தோரா பன்றிப் பண்ணையில் பிறந்தவள். டென்மார்க்கின் மேற்கு ஜட்லாந்தில் அது சொல்லிக்கொள்ளும்படியான விஷயமல்ல. அங்கே மனிதரைவிடப் பன்றிகள் அதிகம். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அவள் பிழைப்பு பன்றிச் சாணத்தோடுதான். விவசாயிகள் கூட்டாகக் கட்டிய சாண எரிவாயு நிலையத்தில், கண்ணாடி அறையில் உட்கார்ந்து திரைகளைப் பார்க்கிற வேலை.

கணவன் ஸ்வென்னிங்குக்கும் அங்கேதான், கொட்டும் கூடத்தில். லாரி உள்ளே நுழைந்ததும் பெரிய கதவு தானாக இறங்கிவிடும். அவன் குழாயை மாட்டுவான், சாணக் குழம்பு தரைக்கடியில் உள்ள குழிக்குள் பாயும். இறக்கி முடித்து, கூடத்துக் காற்றை விசிறிகள் உறிஞ்சித் தீர்க்கும்வரை கதவு மேலே ஏறாது. நாற்றம் ஊருக்குள் போகக் கூடாதென்று செய்த ஏற்பாடு அது. உள்ளே ஓர் ஆள் நிற்கிறானே என்ற கவலை அந்தக் கதவுக்குக் கிடையாது.

சாயங்காலம் வீட்டுப் பின்கட்டில் அவன் சட்டையைக் கழற்றும் முன்பே, அன்றைக்கு என்ன சரக்கு வந்தது என்று தோரா சொல்லிவிடுவாள்.

"மீன் கழிவா? சட்டைய வாளியில போடு. மிஷின்ல போட்டேன்னா தலகாணி உறையெல்லாம் மீன் நாத்தம் அடிக்கும்."

"மகாராணிக்கு மூக்கா, தூண்டிலா!" என்பான் அவன்.

கிராமத்தில் புதிதாக வீடு வாங்கி வந்தவர்களுக்கு மட்டும் இந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை. காயப்போட்ட துணியெல்லாம் நாறுகிறது என்று புகார்மேல் புகார். கடைசியில் கூரைமேல் புது வடிகட்டி ஏறியது. அதைக் காட்ட அந்த வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்களைக் காப்பிக்கும் ரொட்டிக்கும் அழைத்திருந்தார்கள். மேலாளர் எஸ்கில் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்: "இன்னைக்கு மட்டும் பெரிய கதவு அனாவசியமாத் திறக்கக் கூடாது, தோரா. ஒரு மூக்கு சுளிச்சாலும் நம்ம கதை முடிஞ்சுது."

அதற்கு முன்பே வெளியூர் லாரி ஒன்று அமிலத்தில் ஊறிய மீன் கழிவைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. அதன்மேல் சாணம் விழுந்தால் விஷவாயு கிளம்பும். குழியைக் காலி செய்யாமல் அடுத்த லாரியை விடக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். குழி காலி என்றது திரை. உள்ளே அளவு காட்டும் மிதவை மீன் கொழுப்பு அப்பி அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. திரையை நம்பித் தோரா, வழக்கமாக வரும் ஓட்டுநர் பிரெபெனின் சாண லாரியை உள்ளே விட்டாள்.

குழாய் மாட்டியானதும் பிரெபென் சின்னக் கதவு வழியாக வெளியே வந்து, நேரே கண்ணாடி அறைக்கு வந்தான். வெள்ளிக்கிழமை ரொட்டியை அவன் தவறவிட்டதே இல்லை.

"வெண்ணெய் இவ்வளவுதானா? ஊர்க்காரங்களுக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"முதல்ல கையக் கழுவு, பன்னி."

ஒலிபெருக்கியில் ஸ்வென்னிங்கின் குரல் வந்தது. உற்சாகமாக இருந்தது. "தோரா, கேக்குதா? முதல்ல குப்புனு அடிச்சுது. இப்ப நாத்தமே இல்ல! துளிகூட இல்ல. புது வடிகட்டி பிரமாதம்னு எஸ்கில்கிட்ட சொல்லு!"

பிரெபென் வாயில் ரொட்டியோடு கைதட்டினான். தோராவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள்.

வடிகட்டி இருப்பது கூரையில். வெளியே போகிற காற்றைத்தான் அது சுத்தம் செய்யும். ஸ்வென்னிங் நிற்கிற இடத்தில் நாறத்தான் வேண்டும்.

சின்ன வயதில் ஒருநாள், சாணத் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்த அப்பா, "இன்னைக்கு நாத்தம் பரவால்ல" என்றபடி கொட்டகை வாசலுக்கு வந்து சரிந்தது அவளுக்கு நினைவு வந்தது. அப்பா எழுந்துவிட்டார். உள்ளே இருந்த பன்றிக்குட்டிகள் எழவில்லை. அந்த வாயு அளவு மீறினால் முதலில் சாவது மூக்குதான்.

"ஸ்வென்னிங், உன் வாயு மானி எங்க?"

"கொக்கியில தொங்குது. அது எதுக்கெடுத்தாலும் கத்தும்…"

"வெளிய வா. இப்பவே வா!"

ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டது. திரையில் அவன் லாரியின் பக்கவாட்டைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தான், ஏதோ களைப்பில் உட்காருகிறவன்போல.

தோரா ஆபத்துக்கென்று இருந்த சிவப்புப் பொத்தானை அடித்தாள். சாணம் நின்றது, விசிறிகள் அலறின, பெரிய கதவு மேலேறத் தொடங்கியது. பிரெபென் அதற்குள் வாசலில் இருந்தான். அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"போகாத! நீயும் விழுவ!"

"உன் புருஷன்டி அது!"

"எனக்குத் தெரியாதா? காத்து போகட்டும்!"

இருவரும் வெளியே முற்றத்தில், காற்று வீசும் பக்கம் நின்றார்கள். அவள் பிடித்த பிடியில் பிரெபெனின் சட்டை கிழிந்திருந்தது. காப்பிக்கு வந்த ஊர்க்காரர்கள் கார்களிலிருந்து இறங்கி மூக்கைப் பொத்தினார்கள். எஸ்கில் ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்தார். தோரா திரும்பிப் பார்க்கவில்லை. பொத்தானின் அபாய அழைப்பில் வந்த தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு உள்ளே போய், ஸ்வென்னிங்கைத் தூக்கிவந்து புல்லில் கிடத்தினார்கள். அவன் இருமிய பிறகுதான் அவள் கை சட்டையை விட்டது.

பிழைத்தான். இலையுதிர்காலம் முடிவதற்குள் வேலைக்கும் திரும்பிவிட்டான். வாசனை தெரியாமல் போன மூக்கும் சரியாகிவிட்டது என்று மருத்துவரிடம் சொன்னான், எஸ்கிலிடம் சொன்னான், அவளிடமும் சொன்னான். இல்லையென்றால் கூடத்தில் நிற்க விடமாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோரா அடுப்பில் பாலை வேண்டுமென்றே விட்டுவிட்டு, துணி உலர்த்தப் போனாள். திரும்பி வந்தபோது பால் பொங்கி, கருகி, அடுக்களை முழுக்கப் புகைநெடி. ஸ்வென்னிங் மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அவள் பாத்திரத்தை ஊறப்போட்டாள்.

இப்போது மானியை அவன் சட்டையில் அவளே மாட்டிவிடுகிறாள். மதியத்துக்குள் அது கொக்கிக்குப் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு லாரிக்கும் பெரிய கதவு இறங்கியதும் ஒலிவாங்கியை அழுத்துவாள்.

"நாறுதா?"

"நாறுது, மகாராணி. நல்லாவே நாறுது."

அவள் விரல் சிவப்புப் பொத்தான்மேல் இருக்கும். குழி காலி என்று திரை சொல்லும்.