குண்டு பல்பு சிவந்த சாயங்காலங்கள்

ஊறவைத்த உளுந்தின் வாசம்... அதோடு லேசாக மோட்டார் கம்பியின் வார்னிஷ் கருகும் நாற்றம். கல்யாணமான புதிதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த இரண்டும் சேர்ந்த வாசனைதான் மக்களே.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்த நான், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்கு மருமகளாகப் போனேன். சீரோடு சீராக அப்பா வாங்கிக் கொடுத்தது ஒரு வெட் கிரைண்டர். மில்லில் ஃபிட்டராக இருந்தவர் இல்லையா... கல்லைத் தட்டிப் பார்த்து, மோட்டாரை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டு, கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தித்தான் வாங்கினார்.

"எம்புள்ள மாவாட்டிக் கை நோகக் கூடாதுங்க" என்று கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

அந்த மோட்டார் புகுந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே புகைந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப்போய், பொள்ளாச்சியில் எரிந்த கம்பிச்சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகக் காயில் கட்டிக் கொண்டுவந்தார். ஆடி நோம்பிப் பண்டிகைக்கு முன்னால் மறுபடியும் புகை!

அத்தை, அதாவது என் மாமியார், சத்தம் போடுகிற ஆள் இல்லை. "ஏங்கண்ணு, உங்கொப்பா பாத்துத்தான வாங்குனாரு?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

பிறகு மகனிடம் திரும்பினார். "இன்னொருக்கா காயில் கட்டு. மறுக்காவும் எரிஞ்சுதுன்னா, மெசினையே வண்டில ஏத்திச் சம்பந்தி ஊட்டுல எறக்கிப்போட்டு வந்துரு. அவிங்களே கடைல கேக்கட்டும்."

தெருவே பார்க்க, அந்த கிரைண்டர் எங்கள் வீட்டு வாசலில் இறங்கினால் அப்பாவின் முகம் எப்படிச் சுண்டிப்போகும் என்று நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. மெஷின்மேல் தப்பில்லை என்று மனசு அடித்துச் சொன்னது. ஆனால் எதை வைத்து நிரூபிப்பது?

தோப்புப் பம்ப் செட்டுகளை ஓட்டுகிற த்ரீ ஃபேஸ் கரண்ட் எங்கள் பக்கம் அப்போது சாயங்காலம்தான் வரும். வந்த நிமிஷம் சுற்றிலும் இருக்கிற தோப்புகளில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். சமையலறை குண்டு பல்பு பழுத்த மிளகாய் நிறத்துக்குப் போய்விடும். அத்தை பால் கறந்து ஊற்றிவிட்டு மாவாட்ட வருவதும் சரியாக அந்த நேரம்தான்.

கல் முனகிக்கொண்டு சுற்றும். நின்றுபோனால் கையால் ஒரு தள்ளு தள்ளுவார். "கரண்டே கம்மியாத்தான வருது... மோட்டாருக்கு ஒண்ணும் ஆவாது. கூடச் சித்த நேரம் ஓடட்டும்" என்பார். வீட்டில் எல்லோருக்கும் அதே நினைப்புதான். பல்பு மங்கினால் கரண்ட் குறைவு, கரண்ட் குறைந்தால் சூடும் குறைவு.

நானும் பி.எஸ்.ஸி. ஃபிசிக்ஸ் படித்தவள்தான். பவர் என்பது வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் வருவது என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். அது உறைத்தது, சிவந்த பல்பையும் முனகுகிற கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சாயங்காலத்தில்தான். வோல்டேஜ் குறைந்தால் பல்பு மங்கிச் சும்மா இருந்துவிடும். மோட்டாரால் அப்படி இருக்க முடியாது. மாவு அதே மாவு, கல் அதே கல். அந்த வேலையை முடிக்க அது கரண்டைக் கூடுதலாக இழுக்கும். இழுக்க இழுக்கச் சூடு... கடைசியில் புகை.

இரண்டாம் தடவை காயில் கட்டி வந்த அன்று சாயங்காலம், கொஞ்சம் ஓடியதுமே அணைத்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டேன். "அத்தை, மோட்டார் மேல கைய வெச்சுப் பாருங்க."

வைத்த வேகத்தில் கையை எடுத்தார். "அடி ஆத்தா! காச்சக்காரப் புள்ளையாட்டம் கொதிக்குது!"

மறுநாள் உச்சி வெயில். பம்ப் செட் எதுவும் ஓடவில்லை, பல்பைப் போட்டால் பளிச்சென்று எரிந்தது. அதே அளவு அரிசியை ஆட்டிவிட்டு மறுபடி தொடச் சொன்னேன். வெதுவெதுப்போடு சரி. அத்தை மோட்டாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதென்னடி கூத்து? கரண்டு நல்லா வரையில சூடில்ல, வராதப்பத்தான் சூடா?"

"மாட்டுத் தொட்டிய ரொப்போணும்னு வெய்ங்க அத்தை. பெரிய கொடம்னா கொஞ்ச நடைல ரொம்பிரும். சொம்புல மோந்து, அதே நேரத்துக்குள்ள ரொப்போணும்னா?"

"ஓடி ஓடிக் காலு ஒடிஞ்சுபோகும்."

"கொடந்தானுங்க வோல்டேஜு. நடைதான் கரண்டு. ஒடியற காலுதான் காயில். பல்புன்னா மங்கிப்போட்டுச் சும்மா இருந்துக்குமுங்க."

அத்தை கிரைண்டர்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, "இனி மத்தியானத்துலயே ஆட்டிப்போடலாம். மெசினு பாவம்" என்றார். அவ்வளவுதான். வண்டி வரவில்லை. நோம்பிக்கு வந்த அப்பாவிடம், "உங்க மெசினு நல்ல மெசினுங்க அண்ணா" என்று அவரே வலியப் போய்ச் சொன்னார். இட்லியை வாயில் வைத்துக்கொண்டு அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே... இப்போதும் கண்ணில் நிற்கிறது.

பிறகு எனக்குப் பொள்ளாச்சியில் டீச்சர் வேலை கிடைத்தது. ஒரு நாள் காய்ச்சலோடு வந்து, பையைக்கூட இறக்காமல் அடுப்படியில் நுழைந்தேன். அத்தை என் நெற்றியில் கையை வைத்தார். அன்று மோட்டாரில் வைத்த மாதிரியே.

"அம்மணி, பல்பாட்டம் இருக்கத் தெரியாதா உனக்கு? ஒடம்புல வோல்டேஜு இல்லீன்னா வேலைய நிறுத்தோணும். போய்ப் படு, போ."

இப்போது வீட்டில் எல்லாம் எல்.இ.டி. வோல்டேஜ் இறங்கினாலும் ஒரே வெளிச்சம்தான், மங்கவே மங்காது. வசதிதான். ஆனால் யார் சிரமப்படுகிறார்கள் என்று பார்த்ததும் தெரிவதில்லை... தொட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அத்தை போய் மூன்று வருஷம் ஆகிறது.