மூன்றாம் பாகம் வெளியே போயிருக்கிறது

போன வாரம் வானூரில் எங்கள் நூலகத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை, அது நிறையப் புத்தகங்கள். "சார், இதெல்லாம் நீங்களே வச்சுக்கங்க. வீட்ல வச்சுக்க புடிக்கல. இத எழுதின ஆளு மேடையில என்னென்ன பேசியிருக்கான்னு போன்ல பார்த்தேன். அதுக்கப்பறம் ஒரு பக்கம்கூட ஓடல" என்றார். பையைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. மேலாக இருந்தது ஒரு நாவலின் மூன்றாம் பாகம். நாவலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இளைஞரிடமிருந்து பையை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். தன் புத்தகத்தைத் தானே வேண்டாம் என்கிறார். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? அவர் வயதில் நானும் இப்படி ஒரு காரியம் செய்தேன். ஆனால் நான் வேண்டாம் என்று ஒதுக்கியது இன்னொருவர் படிக்க வேண்டிய புத்தகத்தை.

எனக்கு முதல் வேலை மரக்காணத்தில். நூலகம் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். உப்பளத்தை ஒட்டி, ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய ஒற்றை அறை. மூட்டை போய்ப் பல வருஷம் ஆகியும் சுவர் வேர்த்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் கம்பி, மேஜை ஆணி, வாரப் பத்திரிகையின் நடுவில் அடிக்கிற பின், எல்லாம் துருப்பிடிக்கும். நான் கிளியனூரிலிருந்து வந்த பழைய மொபெட் இரண்டே வருஷத்தில் சல்லடை ஆகிவிட்டது. பூச்சிக்குப் பயந்து அலமாரி தவறாமல் அந்துருண்டை போட்டு வைப்பேன். வீட்டுக்குப் போனால் அம்மா, "குளிச்சுட்டு சோத்துல கை வை" என்பார்.

அப்போது எனக்குக் கொள்கை முற்றிய வயது. தாடி, ஜோல்னாப் பை, சனிக்கிழமை தோறும் பாண்டிச்சேரியில் நாலு நண்பர்களோடு டீக்கடை விவாதம். எந்த எழுத்தாளர் நம்ம ஆள், எந்த எழுத்தாளர் எதிரி என்று நாங்கள் பட்டியல் போடாத வாரம் கிடையாது. படித்துவிட்டுப் போட்டோமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வருகிறவர்கள் அதிகம், புத்தகம் எடுக்கிறவர்கள் குறைவு. எடுக்கிறவர்களில் முதல் ஆள் மரியபுஷ்பம். நாற்பது தாண்டியவர், உப்பளத்தில் தலைச்சுமை வேலை, எட்டாவது வரை படிப்பு. புருஷன் இறந்த பிறகு தனி ஆள். விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் கூடை கூடையாக உப்பை வரப்பில் கொட்டிவிட்டு, பதினொன்றரைக்கு நூலகக் குழாயில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். முழங்கை வரை உப்பு பூத்திருக்கும். நின்றுகொண்டேதான் படிப்பார். "உக்காந்தா தூங்கிடுவேன் சார்." நான் அவரைப் புஷ்பக்கா என்பேன். படிக்கும்போது வாய்க்குள் பேசுவார். "போடா", "அப்படிப் போடு", "பொய்யி, பொய்யி" என்றெல்லாம் கேட்கும். கதாபாத்திரத்தைத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பெயர் சொல்ல மாட்டேன் என்றேனே, அந்த நாலு பாக நாவலை அவர் கையில் கொடுத்தவனே நான்தான். ஓர் ஆற்றங்கரைக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. முதல் இரண்டு பாகங்களை நான் படித்து, ஓர் இடத்தில் அழவும் செய்திருந்தேன். புஷ்பக்கா இரண்டாம் பாகத்தை முடித்த சமயத்தில்தான் கண் தொந்தரவு முற்றியது. பாத்திப் பளபளப்பைப் பார்த்துப் பார்த்துக் கூச்சம் என்று வருஷக்கணக்காக விட்டுவிட்டிருக்கிறார். பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது, போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சம் கொஞ்ச நாள் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியை என்னிடம் சொன்ன அதே மூச்சில், "மூணாம் பாகம் எடுத்து வைங்க சார், கூலி வாங்கிட்டு சனிக்கெழம வர்றேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த வாரப் பத்திரிகையில் நாவலாசிரியரின் பேட்டி. மதம் மாறியவர்கள் வயிற்றுக்காகச் சாமியை விற்றவர்கள், இந்த மண்ணில் ஒட்டாதவர்கள் என்கிற மாதிரிப் பேசியிருந்தார். அதிலும் சேரியிலிருந்து வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, போனவர்களைப் பற்றிச் சொன்னது, இப்போது எழுதவும் கை கூசுகிறது. புஷ்பக்கா யார்? சேரியிலிருந்து வேதத்துக்குப் போன குடும்பம். அவருடைய தாத்தா கல் சுமந்து கட்டிய கோயிலில்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை பார்க்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. பத்திரிகையை எடுத்து ஒளித்தேன். அதோடு விட்டிருக்கலாம். மிச்சம் இருக்கிற கொஞ்சம் பார்வையை அந்த அம்மா இந்த மனுஷனுக்காகவா செலவு செய்ய வேண்டும் என்று தோன்றியது. மூன்றாம் பாகத்தையும் நாலாம் பாகத்தையும் கதவு கோணிய பீரோவின் அடித்தட்டில், பழைய ரசீதுக் கட்டுகளுக்குப் பின்னால் சொருகினேன். பெரிய தியாகம் செய்தவன்போல அன்றைக்கு மொபெட்டில் விசில் அடித்துக்கொண்டு போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை வந்தார். "மூணாம் பாகம் வெளிய போயிருக்குதுக்கா" என்றேன்.

"யாரு எடுத்துட்டுப் போனது?"

"கீழ்புத்துப்பட்டுல ஒரு டீச்சர்."

இல்லாத டீச்சரை உண்டாக்கிவிட்டால் அவரை வளர்த்தாக வேண்டும், அதுதான் தொல்லை. டீச்சருக்குப் பரீட்சை வேலை, டீச்சருக்கு டைபாய்டு என்று நான் வாரா வாரம் சொல்ல, "பாவம், தனியா இருக்குதோ என்னவோ" என்று புஷ்பக்கா அந்த டீச்சரைத் தன் ஜெபமாலையில் சேர்த்துக்கொண்டுவிட்டார். இதைக் கேட்ட அன்றாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு தவக்காலம் வந்தது. அவர்கள் கோயிலில் அந்த நாற்பது நாளும் ஆளுக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டும், ஒறுத்தல் என்பார்கள். ஒருத்தர் டீயை விடுவார், ஒருத்தர் மீனை விடுவார். புஷ்பக்கா வருஷா வருஷம் கதைப் புத்தகத்தை விடுவார். இந்த வருஷமாவது வேறு எதையாவது விடக்கூடாதா என்று கேட்டேன்.

"கண்ணு போவுதுன்னு ஆண்டவர்கிட்ட தள்ளுபடி கேக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்தார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. நாற்பது நாள் டீச்சருக்கு நோய் தேட வேண்டியதில்லை.

ஈஸ்டர் முடிந்த மறு வாரமே வந்து நின்றார். நான் தயாராக இருந்தேன். டீச்சர் திருப்பித் தரும் வரை படிக்கட்டும் என்று, எங்கள் பட்டியலில் 'நம்ம ஆள்' என்று இருந்த எழுத்தாளர்களின் நாவல்கள் ஆறு எடுத்து வைத்திருந்தேன். நூலகத்தில் இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கொடுத்தேன். நான் சொன்னேன் என்பதற்காக ஒவ்வொன்றையும் மரியாதையாகப் படித்தார். வாய்க்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. உப்பளத் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றிய நாவல் ஒன்றை ரொம்பப் பெருமையாகக் கொடுத்திருந்தேன். திருப்பித் தரும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்ல மனுசன் சார் எழுதினவரு. நமக்காகத்தான் பேசறாரு. ஆனா கத முச்சூடும் உப்பளம் வருது, ஒருத்தருக்குக்கூட கண்ணு கூசல."

ஆடி போய் ஆவணி வந்தபோது வலது கண் அவிந்துவிட்டது. இடது கண்ணில் கொட்டை எழுத்து மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் கலங்கிவிட்டது.

ஐப்பசி மழையில் பாத்திகள் எல்லாம் ஏரியாகிவிட்ட நேரத்தில் எங்கள் நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார், நான் பதிவேட்டில் டிக் அடிக்க வேண்டும். அன்றைக்கென்று பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு புஷ்பக்கா வந்தார். கடைசிப் புத்தகத்தையும் உருப்பெருக்கியையும் ஒப்படைக்க வந்திருந்தார். மழை விடட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தார். வந்த அதிகாரி பீரோவின் அடித்தட்டில் கையை விட்டார். நாவலின் பெயரைச் சொல்லி, "மூணாம் பாகம்... நாலாம் பாகம்... ஏம்பா, இத ஏன் இங்க சொருகி வச்சிருக்கீங்க?" என்றார். நான் டிக் அடித்தேன்.

அதிகாரி கிளம்பும் வரை புஷ்பக்கா அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரே கெடையாதா?"

"இல்லக்கா."

"ஏன் சார் மறைச்சீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டி, அதில் இருந்தது, என் ரத்தக் கொதிப்பு.

"அது தெரியும்" என்றார். "தவக்காலத்துலயே பங்கு சாமியாரு பிரசங்கத்துல சொன்னாரு, அந்தாளு எழுதினத தொடாதீங்கன்னு. சாமியாரு சொல்லித்தான் தெரியணுமா? மொத பாகத்துலயே தெரியல? அந்த வீட்ல பாத்திரம் தேய்க்கிற வேதக்காரி ஒருத்தி வர்றா இல்ல, ஐந்நூறு பக்கத்துல ஒரு தரம் அவ வாசப்படி தாண்டியிருக்காளா?"

எனக்கு அப்படி ஒருத்தி வருவதே சரியாக ஞாபகம் இல்லை. "அப்பறம் ஏன்க்கா படிச்சீங்க?"

"சண்ட போடத்தான். பாத்தியில மேஸ்திரி ஏசினா வாயத் தொறக்க முடியுமா? இங்க வந்து இவனோட பக்கத்துக்குப் பக்கம் சண்ட போடுவேன். ஆனா நல்லா எழுதறான் சார், அத இல்லன்னு சொல்ல முடியாது. ரெண்டாம் பாகம் கடசியில வெள்ளம் வருது. அந்த வீட்டுக் கொழந்தைய அவதான் காப்பாத்தறா. மாரோட அணைச்சிக்கிட்டு பின்வாசல்ல நிக்கறா. மழ கொட்டுது, கதவு சாத்தியிருக்குது. அவ கை நடுங்கறத எழுதியிருக்கான் பாருங்க, அந்த எடத்துல அவன் கை அவன் பேச்சக் கேக்கல. இனிமே எங்க தப்பிப்பான்னு நெனச்சேன். அவள உள்ள விடறானா இல்லையான்னு பார்க்கத்தான் இத்தினி மாசம் உங்ககிட்ட நடையா நடந்தேன்."

பெஞ்சில் கையை ஊன்றி என் பக்கம் சாய்ந்தார்.

"உள்ள விட்டானா?"

"நான் படிக்கலக்கா."

"படிக்காமலேயா மறைச்ச?" இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினார். "இருந்ததே கொஞ்சூண்டு கண்ணு. அத யாருக்கு செலவு பண்றதுன்னு நீ யாரு சொல்றதுக்கு?"

நான் படித்துக் காட்டுகிறேன் என்றேன். தினமும் வீட்டுக்கே வருகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"வாணாம். உன் கொரல்ல கேட்டா நான் யாரோட சண்ட போடறது? அதுவும் இல்லாம, நீ எந்த வரிய முழுங்கறன்னு பயந்துக்கிட்டே கேக்கணும்."

எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு போனார். நான் கை கொடுக்கப் போனேன். உதறிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு பாகங்களையும் படித்தேன். மூன்றாம் பாகம் தொடங்கும்போது வெள்ளம் வடிந்து பல மாதம் ஆகிவிட்டது. வெயில் அடிக்கிறது. குழந்தை கூடத்தில் தவழ்கிறது. யார் கதவைத் திறந்தார்கள், யார் வாங்கிக்கொண்டார்கள், ஒரு வரி இல்லை. ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தில் அந்த வேதக்காரி திரும்ப வரவே இல்லை.

மறு தவக்காலத்தில் அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. சொல்லி முடித்த பிறகும் விரல்கள் உரித்துக்கொண்டே இருந்தன.

"மறந்துட்டானா, வேணும்னே விட்டுட்டானா?"

"தெரியலக்கா."

"நான் படிச்சிருந்தா கண்டுபுடிச்சிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முறத்தை இழுத்து அடுத்த மொச்சையை எடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, நான் மாற்றலாகி வந்த பிறகு, காய்ச்சலில் போய்விட்டார். யாரோ சொல்லி, அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒற்றை அறையை இடித்துவிட்டார்கள். பாண்டிச்சேரி டீக்கடை நண்பர்களில் ஒருவர்கூட இப்போது தொடர்பில் இல்லை. நாவலாசிரியரும் போன வருஷம் காலமானார். இரங்கல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேதை என்று பாதிப் பேர் பேசினார்கள், விஷம் என்று பாதிப் பேர் பேசினார்கள். பின்வாசலில் நின்றவளைப் பற்றி இரண்டு தரப்பிலும் ஒருவர் வாய் திறக்கவில்லை.

நான் இதுவரை நாலு தடவை அந்த நாவலை முழுக்கப் படித்துவிட்டேன். மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரு ஜோடிக் கண் மரக்காணத்தில் இருந்தது. அதை நான் நல்லவர்கள் எழுதிய ஆறு புத்தகங்களில் தீர்த்துவிட்டேன்.